கையெழுத்து வாங்கப் போகிறவர்

டெல்மர் நியேமி எங்கள் வீட்டுக்குப் பின்புறச் சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பச்சை வீட்டுக்காரர். வாழ்க்கையின் பெரும்பகுதியை இரும்புத்தாது ஏற்றிப் போகும் ரயிலில் கழித்தவர். சுரங்கத்திலிருந்து ஏரித் துறைமுகம் வரை பெட்டிகளோடு போவது, காலிப் பெட்டிகளோடு திரும்புவது. இடுப்பு மூட்டு தேய்ந்து, செயற்கை மூட்டு வைத்த பிறகு கம்பெனி அவரை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. அதே வருடம் அவருடைய மனைவி ஆர்லீன் அரிசோனாவுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. சண்டை, கூச்சல் என்று எதுவும் எங்கள் காதில் விழவில்லை. அந்த வீட்டிலிருந்து எப்போதுமே எந்தச் சத்தமும் வந்ததில்லை. அதனால்தான் அவள் போனாள் என்பது என் மனைவி மார்சியாவின் கட்சி.

"அந்த மனுஷன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். அதுலயும் நாலு, பனி விழுமா விழாதாங்கறதைப் பத்தி" என்பாள்.

பிரிந்து போகும்போது ஆர்லீன் வீட்டில் தன் பங்கைக் கேட்டாள். அதில் தப்பில்லை. டெல்மர் பழைய அடமானக் கடனை முடித்து, தன் பெயரில் மட்டும் புதுக் கடன் எடுத்து அவள் பங்கைக் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தக் காகிதங்களில் கையெழுத்து வாங்க, ஒரு நவம்பர் மாத மத்தியானம், ஒரு நோட்டரி வீடு தேடி வந்தார். பெயர் ரோண்டா ஸ்குபிக். பக்கத்து ஊர்க்காரி. கதவருகே பனிக்காலணியைக் கழற்றிவிட்டு, தடித்த கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்து, சமையலறை மேசையில் ஒரு கத்தைக் காகிதத்தை விரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து, இது புரோநோட்டு, இது அடமானப் பத்திரம், இது இன்னார் நீங்கள்தான் என்று சொல்லும் உறுதிமொழி என்று விளக்கி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார். நடுவே காபி குடித்தார். சுவரில் மாட்டியிருந்த மான் கொம்பைப் பார்த்து, எந்தக் காட்டில் அடித்தது என்று கேட்டார்.

கடைசிக் காகிதத்தை எடுத்ததும் நிதானமாகச் சொன்னார்: "இது உங்களுக்கான காகிதம். மூணு நாள் டைம் இருக்கு. ஞாயித்துக்கிழமை கணக்குல வராது. மனசு மாறினா இதுல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. எல்லாம் ரத்து. ஏன்னு ஒருத்தரும் கேக்க முடியாது."

அவர் போன பிறகு டெல்மர் மூன்று நாளும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஆர்லீன் கூப்பிடுவாள் என்று நினைத்திருக்கிறார். அவள் கூப்பிடவில்லை. இவரும் கூப்பிடவில்லை. நாள் கடந்தது, கடன் நிலைத்தது, வீடு இவருடையதாயிற்று.

இதெல்லாம் பிற்பாடு, சில வருடங்கள் கழித்து அவர் வாயாலேயே எனக்குத் தெரியவந்தது. ஆர்லீன் போன பிறகு அந்த வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த முதல் ஆள் ரோண்டாதான் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. நேற்று மீன் கிடைக்கவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். சந்துக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு; நாங்கள் ஒரு தடவைகூடப் போய் உட்கார்ந்ததில்லை. நானும் மார்சியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கையெழுத்துப் போட்ட அந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவர் ரோண்டாவுக்குப் போன் செய்தார்.

"கையெழுத்து ஏதாவது விட்டுப்போச்சா?" என்று பதறினார் ரோண்டா.

"இல்ல. நீங்க செய்யற வேலைக்கு என்ன படிக்கணும்?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "நியேமி, இது ஜனங்ககிட்ட பேசற வேலை. உங்க வீட்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். 'சர்க்கரை வேணுமா'ன்னு கேட்டீங்க. அது ஒண்ணுதான் நீங்க பேசினது."

"கத்துக்கறேன்."

நோட்டரி ஆவது எங்கள் மாநிலத்தில் பெரிய வித்தையில்லை. விண்ணப்பம் அனுப்பி, நியமனக் கடிதம் வந்ததும் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் பதிந்துகொண்டு, முத்திரை செய்து வாங்கிக்கொண்டால் ஆயிற்று. ஆனால் அடமானக் கடன் காகிதங்களுக்குக் கையெழுத்து வாங்கக் கூப்பிட வேண்டுமென்றால் அது போதாது. அதற்குத் தனியாகப் பாடம், தேர்வு, சான்றிதழ். குற்றப் பதிவு ஏதும் இல்லை என்று வருடா வருடம் சோதனை. அந்நியர் வீட்டுக்குள் அவர்களுடைய வரவு செலவெல்லாம் எழுதிய காகிதத்தோடு போகிறவனை அப்படித்தானே பார்ப்பார்கள்?

ஆர்லீன் துணி தைத்துக்கொண்டிருந்த அறையில் டெல்மர் ஒரு கம்ப்யூட்டரையும், இரண்டு அளவுத் தாள்களும் போடக்கூடிய ஒரு பிரிண்டரையும் கொண்டுவந்து வைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஜன்னலில் விளக்கு எரிந்தது. தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டார். படிப்பு அவருக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. ரயிலில் விதிப்புத்தகத்தை எழுத்துப் பிசகாமல் படித்தவர்தானே. பேச்சுதான் தகராறு.

ஒரு சனிக்கிழமை காலை பின்கதவைத் தட்டினார். கழுத்தில் டை. அவர் டை கட்டி நான் பார்த்ததேயில்லை. கையில் மாதிரிக் காகிதக் கட்டு.

"நீயும் மார்சியாவும் கடன் வாங்கறவங்களா இருங்க. நான் பேசிப் பழகணும்" என்றார்.

மார்சியாவுக்குத் தலைகால் புரியவில்லை. காபியும், வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய மனுஷிபோல உட்கார்ந்தாள். டெல்மர் முதல் காகிதத்தை எடுத்து வைத்தார். "இது புரோநோட்டு" என்றார். அவ்வளவுதான். அடுத்த காகிதத்துக்குக் கை போயிற்று.

"இருங்க இருங்க. புரோநோட்டுன்னா?" என்றாள் மார்சியா.

"கடன்."

"ஐயோ, இப்படிச் சொன்னா நான் எந்திரிச்சு ஓடிருவேன். ஏதோ சாவுச் செய்தி சொல்ற மாதிரி இருக்கு."

டெல்மர் யோசித்தார். "இந்தக் காகிதத்துல, வாங்கின கடனைத் திருப்பித் தரேன்னு நீங்க வாக்குக் குடுக்கறீங்க. எவ்வளவு, எத்தனை வருஷம், என்ன வட்டி, எல்லாம் இங்க இருக்கு. படிச்சுப் பாருங்க."

"ம்… இந்த வட்டி ஜாஸ்தியாத் தெரியுதே. கையெழுத்துப் போடலாமா, வேணாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

"போடாதீங்க" என்றார் டெல்மர் பட்டென்று.

அடுத்த நொடி அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார். போடு என்றும் சொல்லக்கூடாது, போடாதே என்றும் சொல்லக்கூடாது. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று காட்டலாம். நல்லதா கெட்டதா என்று வாய் திறந்தால் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். மார்சியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த மனிதருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வசந்தத்தில் வேலை வர ஆரம்பித்தது. வட்டி இறங்கியிருந்த காலம். ஊர் உலகமெல்லாம் பழைய கடனை மாற்றிக்கொண்டிருந்தது. ரோண்டா தன்னால் போகமுடியாத தூரங்களையெல்லாம் இவருக்குத் தள்ளிவிட்டார். ஏரிக்கரைக் குடில்கள், மரம் வெட்டுகிறவர்களின் குடியிருப்புகள், சுரங்கம் மூடியதால் பாதி காலியான ஊர்கள். ஒரு லாரிக்காரரிடம் டீசல் பங்க் ஓரத்தில் வண்டியின் முன்மூடியில் காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினார். மின்சாரம் போன வீட்டில், கணவன் டார்ச் பிடிக்க, மனைவி கையெழுத்துப் போட்டாள். ஒரு வீட்டில், பிறந்து சில வாரமே ஆன குழந்தையைத் தாய் இவர் கையில் கொடுத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். அது தோளில் சாய்ந்து தூங்கிப்போனது. ஒரு கையால் குழந்தை, ஒரு கையால் பக்கம் புரட்டுவது. தன் இடது தோளைத் தொட்டுக் காட்டி, "இங்க" என்று என்னிடம் சொன்னார்.

அந்தத் தாயைக் கொஞ்ச நாளிலேயே கடையில் பார்த்திருக்கிறார். பால் இருக்கும் வரிசையில், தள்ளுவண்டியில் குழந்தையோடு. இவர் தொப்பியைத் தூக்கி, "பையன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார். அவள் ஒரு அடி பின்னால் போய், வண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க யாருன்னு தெரியலயே" என்றாள்.

"மன்னிச்சுக்கங்க. ஆள் மாறிப் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"நோட்டரின்னு சொல்லியிருக்கலாமே!" என்று மார்சியா ஆற்றாமையோடு கேட்டாள்.

"அவங்க கடன் வாங்கினதை நாலு பேர் நடுவுல சொல்ற மாதிரி ஆயிடுமே, மார்சியா."

அதுதான் இந்த வேலை. ஒரு மணி நேரம் அந்த வீட்டின் வருமானம், வயது, முதல் திருமணம், இரண்டாம் திருமணம் எல்லாம் அவர் கண்முன் இருக்கும். காபி கொடுப்பார்கள். நாயைத் தட்டிக்கொடுக்கச் சொல்வார்கள். பிறகு கதவு சாத்தும். அவரும் வெளியே ஒரு வார்த்தை விடமாட்டார். எங்களிடம் சொன்னபோதுகூட ஒருவர் பெயரையும் சொன்னதில்லை. இனி வரும் ட்ராய், ஷானா என்ற பெயர்கள் கதைக்காக நான் வைத்தவை.

இரண்டாவது குளிர்காலத்தில் வந்த வேலை அது. ஊருக்கு வெளியே, வெள்ளைப் பட்டை உரியும் பூர்ச்ச மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. டெல்மருக்கு நடந்ததேதான். பிரிகிற தம்பதி, ட்ராய் தன் பெயரில் புதுக் கடன் எடுக்கிறான், ஷானா தன் உரிமையை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஒரே வித்தியாசம், அவள் இன்னும் அங்கேயேதான் இருந்தாள். வீட்டுக்குள் இல்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கார் ஷெட்டில், ஒரு கட்டிலும் ஹீட்டரும் போட்டுக்கொண்டு.

ட்ராய் கதவைத் திறந்ததுமே, "அவ இங்க வரமாட்டா. நான் அங்க போகமாட்டேன். நீங்கதான் நடக்கணும்" என்றான்.

டெல்மர் நடந்தார். காகிதக் கட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, முழங்கால் பனியில், செயற்கை இடுப்போடு. ஷெட்டில் ஷானா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு மர வேலை மேசையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கேட்டாள்:

"டீசலுக்கு மருந்து குடுத்தாரான்னு கேட்டுட்டு வாங்களேன்."

"யாருங்க டீசல்?"

"நாய்."

"மேடம், நான் சேதி கொண்டுபோகக் கூடாது. காகிதம் மட்டும்தான்."

"நாய்க்கு மருந்து குடுத்தாரான்னு கேக்கறது சேதியா? அதுக்கு வலிப்பு வருது, சார்."

எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை. திரும்பிப் போனதும் ட்ராயிடம் கேட்டார். ட்ராய் பேனாவைக் கீழே வைத்தான். "குடுத்தாச்சுன்னு சொல்லுங்க. பாலாடைக்கட்டியில வச்சா துப்பிடுது. வேர்க்கடலை வெண்ணெயில வச்சா முழுங்குது. அதையும் சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்து, "தூங்கும்போது அந்த ஹீட்டரை அணைக்கிறாளா கேளுங்க. ஷெட்ல காத்து போக வழியே இல்ல" என்றான்.

இப்படியே போய் வந்தார். புரோநோட்டில் கையெழுத்து ஆயிற்று, ஹீட்டரை அணைக்கிறாள். அடமானப் பத்திரம் ஆயிற்று, அவள் அம்மாவுக்கு ரத்தச் சோதனை முடிவு நல்லபடியாக வந்திருக்கிறது. இருவரும் நேருக்கு நேர் பேசி எத்தனையோ நாளாகியிருக்கும் என்று அவருக்குப் பட்டது. தன் வாய் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றும் பட்டது. அவ்வளவு பேச்சு அவர் வாயிலிருந்து ஒரே நாளில் வந்ததில்லை.

விடுதலைப் பத்திரத்தைப் பார்த்ததும் ஷானா கேட்டாள்: "பேரை முழுசாப் போடணுமா? அவரு குடும்பப் பேரோடயா?"

"பத்திரத்துல எப்படி இருக்கோ அப்படிப் போடுங்க மேடம்."

முழுசாகப் போட்டாள். அவர் முத்திரை குத்தினார். பிறகு அந்தக் கடைசிக் காகிதத்தை எடுத்து, ரோண்டா சொன்னதுபோலவே அவளுக்கும் சொன்னார். வீட்டுக்குள் போய் ட்ராய்க்கும் சொன்னார்.

கிளம்பும்போது ட்ராய் வாசல்வரை வந்தான். "மான் இறைச்சிக் குழம்பு அடுப்புல இருக்கு. ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் போங்க. ரோடு வேற மோசமா இருக்கு."

"அடுத்த வீட்டுக்குப் போகணும்" என்றார் டெல்மர்.

அன்றைக்கு அவருக்கு அடுத்த வீடு எதுவும் இல்லை. பெட்ரோல் பங்க்கில் ஒரு இறைச்சிப் பஃப் வாங்கி, வண்டிக்குள்ளேயே, என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு சாப்பிட்டார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று தெரியவில்லை என்றார்.

மூன்றாம் நாள் ஷானா போன் செய்தாள். அவர் கொடுத்துவிட்டு வந்த அட்டையில் நம்பர் இருந்தது.

"இதை ரத்து பண்ணலாமா, சார்?"

"பண்ண முடியும். எப்படின்னு அந்தக் காகிதத்துலயே இருக்கு."

"முடியுமான்னு கேக்கல. பண்ணலாமான்னு கேக்கறேன்."

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

அவள் போனை வைக்கவில்லை. டெல்மர் போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "இதே காகிதம் என் மேசையிலயும் ஒரு தடவை இருந்துச்சு. மூணு நாளும் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவ கூப்பிடுவான்னு. நான் கூப்பிடணும்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் மேடம்."

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

கடன் ரத்தாகிவிட்டது. காகிதத்தை அனுப்பியது அவளா, அவனா, இருவருமா, அவருக்குத் தெரியாது. ஆனால் ட்ராய்க்கு அந்தக் கடனை ஏற்பாடு செய்து கொடுத்த முகவர், நோட்டரி பேசித்தான் கெடுத்தான் என்று புகார் எழுதிவிட்டார். நோட்டரிகளுக்கு வேலை அனுப்பும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் விசாரித்தாள். வாடிக்கையாளரிடம் பேசினீர்களா? பேசினேன். என்ன பேசினீர்கள்? டெல்மர் ஒன்றையும் மறைக்காமல் வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். "எனக்குப் புரியுது சார். ஆனா லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துடச் சொல்லிட்டாங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். அது ஆலோசனைதான், வேறென்ன என்றேன் நான். தன் கதையைச் சொல்வது எப்படி ஆலோசனையாகும் என்றாள் மார்சியா. "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்காரு, அதுக்குத் தண்டனையா?" என்று என்னிடம் பாய்ந்தாள். டெல்மர் இருவரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கேட்டா திரும்பவும் அதையேதான் சொல்லுவேன். அதனால அவங்க செஞ்சது சரிதான்" என்றார்.

அந்தக் கோடை முழுக்க அவருக்கு வேலை இல்லை. பிரிண்டர்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடி வைத்தார். காலையில் ஷேவ் செய்துகொள்வார், டை கட்டமாட்டார். படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார், மீனில்லாமல் வருவார். தூண்டிலில் புழுவே கோக்கவில்லை என்று ஒருநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். மார்சியா அழுதாள்.

ஆகஸ்டில் அவர் ஆர்லீனுக்குப் போன் செய்தார். அது அவரே சொன்னதுதான். அவள் நன்றாக இருக்கிறாள். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் வேலை. வெயில் மட்டும்தான் தாங்கவில்லை. வீட்டைச் சூடாக்கும் கொதிகலனை மாற்றினீர்களா என்று கேட்டாள், மாற்றிவிட்டேன் என்றார். "நீங்களாக் கூப்பிட்டது நல்லா இருந்துச்சு, டெல்மர்" என்றாள். அப்புறம் அங்கே யாரோ வாசல் மணி அடித்தார்கள். அவ்வளவுதான் பேச்சு.

"திரும்ப எப்பக் கூப்பிடப் போறீங்க?" என்று கேட்டாள் மார்சியா.

"எதுக்கு? அவ நல்லா இருக்கா" என்றார்.

இலையுதிர்காலத்தில் ரோண்டாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. தனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன பத்திர அலுவலகத்திடம், எனக்குப் பதில் நியேமியை அனுப்புங்கள், அவர்மேல் ஒரு புகார் இருக்கிறது, என்னவென்று அவரையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்டார்கள். இவர் சொன்னார். அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். படுக்கை விரிப்பு பிரிண்டர்மேலிருந்து இறங்கியது.

அந்தப் பூர்ச்ச மரச் சாலை வழியாக அப்புறம் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். ஷெட் கதவு திறந்திருந்தது. உள்ளே விறகு அடுக்கியிருந்தது, கட்டில் தெரியவில்லை. முற்றத்தில் ஒரே ஒரு வண்டி. அது யாருடையது என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. நாயையும் காணோம். வேகத்தைக் குறைக்காமல் போய்விட்டார்.

போன வருடம் அவருடைய நோட்டரி நியமனம் முடிந்து, மறுபடி ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டார். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது எழுபதை நெருங்கியிருப்பார். வாரநாள் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் நகரமாட்டேன் என்கிறது என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு நீராவிக் குளியல் அறையில் அடுப்பு மூட்டினால் அவரைக் கூப்பிடுகிறோம். சில ஞாயிறு வருகிறார். பல ஞாயிறு, காகிதம் அச்சடிக்க வேண்டும் என்கிறார். வராத நாளில் நாங்கள் வற்புறுத்துவதில்லை.

வந்தால் மேல்பலகையில் உட்கார்ந்து, சூடான கற்களில் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றிவிட்டு, எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பிப்பார். "ஒரு அம்மா. கண்ணு சரியாத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தையும் நான் படிக்கணும்னாங்க. எல்லாத்தையும். பொடி எழுத்தைக்கூட."

"படிச்சீங்களா?" என்பேன் நான்.

"படிச்சேன். சாயங்காலம் ஆயிடுச்சு. போறப்ப, 'ரொம்ப நாளாச்சு, யாராவது எனக்குப் படிச்சுக் காட்டி'ன்னாங்க."

அப்புறம் இன்னொரு கரண்டி தண்ணீர். ஆவி எழுந்து அவர் முகத்தை மறைக்கும். வேறு ஏதாவது சொல்வாரா என்று காத்திருப்பேன். பெரும்பாலும் சொல்லமாட்டார்.